கடலோர ஊர்களில் வீட்டு வைன் அறை: குளிரும் ஈரமும் குறித்த கேள்வி-பதில்

சென்னை, புதுச்சேரி, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற புழுக்கமான ஊர்களில் வீட்டுக்குள் வைன் அறை கட்டுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஒரே அறையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம்: நீளம் 2.5 மீட்டர், அகலம் 2 மீட்டர், உயரம் 2.6 மீட்டர், 300 பாட்டில், ஒரு கண்ணாடிக் கதவு. வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 75%. உள்ளே வேண்டியது 13 டிகிரி, 65%. டிகிரி என்றால் எல்லா இடத்திலும் செல்சியஸ்.

முதலில், எனக்குத் தனி அறை தேவையா?

நூறு, நூற்றைம்பது பாட்டில் வரை என்றால் தேவையில்லை. கம்ப்ரசர் வைத்த வைன் கேபினெட் ஒன்று போதும். செலவும் குறைவு, தலைவலியும் குறைவு. கம்ப்ரசர் இல்லாத தெர்மோஎலெக்ட்ரிக் வகையை மட்டும் வாங்காதீர்கள். அது வெளி வெப்பத்தைவிட 11 முதல் 14 டிகிரிதான் இறக்கும். ஹாலில் 34 டிகிரி இருந்தால் உள்ளே 20-க்குக் கீழே போகாது.

வாங்கிய ஒரு வருஷத்துக்குள் குடித்துத் தீர்க்கிற வைனுக்கு இத்தனை ஏற்பாடும் வீண். பல வருஷம் வைத்திருக்கப்போகும் பாட்டில்களுக்குத்தான் இந்தப் பக்கம்.

எத்தனை டிகிரி, எவ்வளவு ஈரப்பதம்?

12 முதல் 14 டிகிரி. ஈரப்பதம் 55 முதல் 75%. எண்ணைவிட நிலைத்தன்மை முக்கியம். 15 டிகிரியிலேயே வருஷம் முழுக்க ஆடாமல் நிற்கும் அறை, 11-க்கும் 18-க்கும் இடையே ஊசலாடும் அறையைவிட நல்லது. சூடேறினால் வைன் விரிந்து கார்க்கைத் தள்ளும். குளிர்ந்தால் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் கார்க் ஓரமாகக் கசியும்.

ஈரப்பதம் 50%-க்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தால் கார்க்கின் வெளிமுனை காயும். 80%-ஐத் தாண்டினால் லேபிள் உரியும், பூஞ்சை பிடிக்கும். நம் ஊரில் வருகிற தொல்லை பெரும்பாலும் இரண்டாவதுதான்.

தரைக்கடியில் கட்டினால் தானாகவே குளிராதா?

பிரான்ஸில் குளிரும். நிலத்தடியில் சில மீட்டர் ஆழத்துக்குப் போனால், அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலைதான் மண்ணின் வெப்பநிலை. ரெய்ம்ஸ் நகரத்துச் சுண்ணாம்புக் குகைகளில் ஷாம்பெயின் பாட்டில்கள் 10, 12 டிகிரியில் கிடப்பது அதனால்தான். சென்னையின் சராசரி 28 டிகிரியைத் தாண்டும். எவ்வளவு தோண்டினாலும் கிடைப்பது அதே 28-தான். கூடவே ஊற்றுநீரும் மழைக்கால வெள்ளமும் வரும். வெயில் படாத, வீட்டின் நடுப்பக்கத்து அறை எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, மேற்குச் சுவர் உள்ள அறை, சமையலறையை ஒட்டிய அறை மூன்றும் வேண்டாம்.

சாதாரண ஸ்பிளிட் ஏசியை 16-ல் வைத்து ஓட்டினால்?

முதலில், 16 என்பது 13 அல்ல. ஏதாவது தந்திரம் செய்து 13-க்கு இறக்கினாலும் ஏசியின் உள்காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) அதற்கேற்ற வடிவில் இல்லை. வீட்டு ஏசியின் காயில் அறைக் காற்றைவிட 10, 15 டிகிரி குளிர்ந்து ஓடும். அறை 24-ல் இருக்கும்போது அதனால் தொல்லை இல்லை. அறை 13-க்கு வந்ததும் காயில் பூஜ்யத்தைத் தொடும், அதன்மேல் படிகிற ஈரம் ஐஸாக உறையும், காற்றோட்டம் அடைபடும், கம்ப்ரசர் வீணாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஏசியின் சென்சரில் குட்டி ஹீட்டரை ஒட்டி, அறை இன்னும் சூடாக இருப்பதாக ஏமாற்றும் கன்ட்ரோலர்கள் உண்டு. காய்கறிக் குளிர்அறைகளில் அவை நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் இன்வெர்ட்டர் ஏசிகள் பல அதற்கு ஒத்துவருவதில்லை. தவிர, நமக்கு வேண்டியது 550 வாட் குளிர்தான் (கணக்கு கீழே). ஒரு டன் ஏசி தருவது 3,500 வாட். சில நிமிஷம் ஓடி நிற்கும், மறுபடி ஓடி நிற்கும். வெப்பநிலை ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கும்.

சுவரில் என்ன வேலை செய்ய வேண்டும்?

பணத்தை இங்கேதான் போட வேண்டும். வைன் அறைக்கான குளிர்மெஷினில் மிச்சம் பிடித்தாலும் சுவரில் பிடிக்காதீர்கள். காரணம் வெப்பத்தைவிட நீராவி. வெளியே 33 டிகிரி, 75% என்றால் காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம் உள்ளே இருப்பதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த ஈரம் செங்கல், பூச்சு, மரம் எல்லாவற்றையும் ஊடுருவி உள்ளே வரப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று நீராகத் திரளும் பனிநிலை 28 டிகிரி. சுவருக்குள் 28-க்குக் கீழே உள்ள எந்த இடத்தை நீராவி எட்டினாலும் அங்கேயே தண்ணீராகிவிடும்.

அதனால் நீராவித் தடுப்பு எப்போதும் சூடான பக்கத்தில், அதாவது இன்சுலேஷனுக்கு வெளியே இருக்க வேண்டும். குளிர்நாட்டு வீடுகளின் வரைபடத்தைப் பார்த்து வேலை செய்கிற கான்ட்ராக்டர் ஷீட்டை உள்பக்கம் ஒட்டுவார். அங்கே சூடான பக்கம் வீட்டின் உள்பக்கம், அதனால் சரி. இங்கே அப்படிச் செய்தால் இன்சுலேஷன் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். கண்ணாடிக் கம்பளி என்றால் இரண்டு மழைக்காலத்தில் நனைந்து தொங்கிவிடும்.

ஏற்கெனவே உள்ள செங்கல் அறைக்குள் செய்யும் வரிசை இது. முதலில் சுவரில் ஓதம் இருந்தால் அதைச் சரிசெய்து முழுக்கக் காயவிடுங்கள். பிறகு சுவரிலும் கூரையிலும் 600 கேஜ் (150 மைக்ரான்) பாலித்தீன் ஷீட். ஒன்றன்மேல் ஒன்று 15 சென்டிமீட்டர் ஏறி நிற்க வேண்டும், இணைப்புகளில் பியூட்டைல் டேப். அதன்மேல் 100 மில்லிமீட்டர் பஃப் (பாலியூரிதேன் நுரைப் பலகை). அதற்கும் உள்ளே ஈரம் தாங்கும் ஜிப்சம் போர்டு அல்லது சிமெண்ட் போர்டு. உள்பக்கம் இன்னொரு பாலித்தீனோ, எனாமல் பெயிண்டோ, வினைல் வால்பேப்பரோ வேண்டாம். இடையில் மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும்.

குளிர்பதனக் கிடங்குகளுக்குப் போடுகிற, இருபுறமும் தகடு வைத்த பஃப் பேனல் கிடைத்தால் வேலை சுலபம். தகடே தடுப்பு, இணைப்புகளை மட்டும் சீலன்ட் போட்டு அடைக்க வேண்டும். வினிகர் நெடி அடிக்கிற சிலிக்கான் வேண்டாம், நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள்.

கோட்டைவிடுகிற இடங்கள் மூன்று. ஒன்று, ஒயர் வரும் கன்டியூட் பைப். ஷீட்டைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு பைப்பின் உள்வாயைத் திறந்தே விட்டுவிடுவார்கள்; அதன் வழியே ஹாலின் வெக்கைக் காற்று வந்து, சுவிட்ச் பாக்ஸுக்குள் தண்ணீர் சொட்டும். பைப்பின் வாயை ஒயரைச் சுற்றி சீலன்ட்டால் அடையுங்கள். இரண்டு, கூரையைத் துளைத்துப் பதிக்கும் டவுன்லைட். வேண்டாம், மேற்பரப்பில் ஒட்டும் எல்.இ.டி. பட்டை போதும். மூன்று, தரை. மாடியில் கட்டினால் கீழ்வீட்டுக்காரரின் கூரை வியர்க்கத் தொடங்கும், அப்புறம் அவர் படியேறி வருவார். 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். (அடர்த்தியான பாலிஸ்டைரீன் நுரை) பலகையைப் போட்டு அதன்மேல் டைல்ஸ்.

தெர்மோகோல் போட்டால் என்ன?

போடலாம், ஆனால் அதே பலனுக்கு பஃப் 100 மில்லிமீட்டர் என்றால் தெர்மோகோல் 150 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். சின்ன அறையில் அந்த இடம் ஒரு வரிசை ரேக்.

கண்ணாடிக் கதவு வியர்க்கிறது. ஏன்?

ஹாலில் ஏசி ஓடும்போது வியர்க்காது, ஏசியை அணைத்ததும் வியர்க்கும். சரிதானே? சாதாரண இரட்டைக் கண்ணாடியின் வெளிப்பரப்பு ஹால் காற்றைவிட 7 டிகிரி குளிர்ந்திருக்கும். ஹால் 33 டிகிரி என்றால் கண்ணாடி 26. பனிநிலை 28. தண்ணீர் வழியாமல் என்ன செய்யும்? ஹாலே 25 டிகிரி, 55% என்றால் பனிநிலை 15-தான், கண்ணாடி 20-ஐ ஒட்டி நிற்கும், பிரச்சினையில்லை.

ஹால் ஏசியை எப்போதும் ஓட்டப்போவதில்லை என்றால் லோ-இ பூச்சும் (வெப்பக் கதிரைத் திருப்பியனுப்பும் மெல்லிய பூச்சு) ஆர்கான் வாயுவும் உள்ள இரட்டைக் கண்ணாடி வாங்குங்கள். அதன் வெளிப்பரப்பு 29-க்கு மேல் நிற்கும், மயிரிழையில் தப்பிக்கும். அலுமினிய ஃப்ரேமில் தெர்மல் பிரேக் (உள், வெளி உலோகத்தைப் பிரிக்கும் பிளாஸ்டிக் பட்டை) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி காய்ந்திருக்க ஃப்ரேம் வியர்க்கும். எங்களைக் கேட்டால், பஃப் அடைத்த மரக்கதவு எல்லாவற்றையும்விட மேல். பாட்டில்களை விருந்தினருக்குக் காட்ட வேண்டும் என்பது வேறு விஷயம்.

கதவின் நான்கு பக்கமும் கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் ரப்பர் பட்டை) வேண்டும். அடிப்பக்கத்தில் கதவு மூடியதும் தானாக இறங்கும் டிராப் சீல் வையுங்கள்.

எவ்வளவு திறனுள்ள மெஷின் வேண்டும்?

நம் மாதிரி அறைக்கு:

சுவர், கூரை, தரை வழியே வரும் வெப்பம் ஏறக்குறைய 145 வாட். கண்ணாடிக் கதவு மட்டும் 110 வாட். இரண்டு சதுர மீட்டர் கண்ணாடி, மீதி அறை மொத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாகச் சூட்டை விடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அறைக் காற்று மாறுகிறது என்று வைத்தால் அதற்கு 135 வாட். விளக்கும் ஃபேனும் 30. மொத்தம் 420 வாட். 30% கூட்டினால் 550 வாட், அதாவது மெஷின் பிரோஷர்களில் வரும் வெப்ப அளவில் மணிக்கு சுமார் 1,900 பி.டி.யூ.

இதே அறையில் இன்சுலேஷன் இல்லாமல் வெறும் 9 அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் என்றால், சுவரும் கூரையும் மட்டுமே 1,150 வாட் கேட்கும். இன்சுலேஷன் போட்டபின் அவை கேட்பது 120.

பிரோஷரில் போட்டிருக்கும் பி.டி.யூ. எந்த வெளி வெப்பத்தில் அளந்தது என்று பாருங்கள். 25 டிகிரியில் அளந்த எண், 40 டிகிரி வெயிலில் நிற்கிற வெளியூனிட்டுக்குப் பொருந்தாது. "இத்தனை கன அடி வரை" என்ற வரியை மட்டும் நம்பி வாங்கவே வாங்காதீர்கள்.

சுவரில் பொருத்தும் வகையா, ஸ்பிளிட்டா?

சுவரைத் துளைத்துப் பொருத்தும் ஒற்றை யூனிட் விலை குறைவு, மாட்டுவதும் சுலபம். ஆனால் அது உள்ளே எடுத்த வெப்பத்தைப் பக்கத்து அறையில் கொட்டும். இவற்றில் பல, பக்கத்து அறையைவிட 16, 17 டிகிரிதான் இறக்கும். பக்கத்து அறை 36 என்றால் உள்ளே 19, 20. பக்கத்து அறை எப்போதும் ஏசியில் இருந்தால் மட்டும் வாங்கலாம். அங்கேயும் சூடான காற்று போக வழி வேண்டும். படிக்கட்டு அடியில் உள்ள ஸ்டோர் ரூமுக்குள் விட்டால் தன் சூட்டையே தானே மூச்சிழுத்துக் கம்ப்ரசர் ட்ரிப் ஆகும்.

மற்றவர்களுக்கு, வீட்டு ஏசி அல்ல, வைன் அறைக்கென்றே செய்த ஸ்பிளிட். உள்யூனிட் கூரையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். குளிர்காற்று நேராக பாட்டில்கள்மேல் அடிக்கக் கூடாது. வெளியூனிட்டுக்குப் பின்னால் குறைந்தது 20 சென்டிமீட்டரும் முன்னால் 60-ம் இடம் விடுங்கள். இரண்டு யூனிட்டையும் இணைக்கும் குளிர்பைப்பின்மேல் 19 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் வேண்டும். ஏசிக்காரர்கள் வழக்கமாகச் சுற்றும் மெல்லிய உறை வியர்த்து ஃபால்ஸ் சீலிங்கில் கறை விடும். கடல் அருகே இருந்தால் காப்பர் காயிலோ, பூச்சு உள்ள காயிலோ கேளுங்கள். வெறும் அலுமினியத் தகட்டை உப்புக்காற்று மாவாக்கிவிடும்.

மாட்டும்போது எதைக் கூடவே நின்று பார்க்க வேண்டும்?

இரண்டை. ஒன்று, கேஸ் விடுவதற்கு முன் நைட்ரஜன் அடைத்து லீக் பார்க்கிறார்களா, பிறகு வேக்யூம் பம்ப் போட்டு 500 மைக்ரான் (இங்கே இது அழுத்தத்தின் அளவு) வரை இழுக்கிறார்களா, கேஸைத் தராசில் எடைபோட்டு விடுகிறார்களா என்பது. சின்ன சிஸ்டத்தில் கேஸ் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடனே தெரியும்.

இரண்டு, டிரெயின் பைப். மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் சரிவு, வெளியேறும் இடத்துக்கு முன் ஒரு யு-டிராப் (தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைவு). டிராப் இல்லாமல் சாக்கடை லைனில் சேர்த்தால் நாற்றம் அறைக்குள் வரும். கார்க் அதைப் பல வருஷம் முகர்ந்துகொண்டிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரைத் தட்டில் ஊற்றி மறுமுனையில் வருகிறதா என்று பார்த்தபின் மெக்கானிக்கை அனுப்புங்கள்.

முதல் முறை பாட்டில்களை அடுக்கியபின் குளிரவே மாட்டேன் என்கிறது. மெஷின் பழுதா?

பெரும்பாலும் இல்லை. 30 டிகிரியில் இருக்கும் 300 பாட்டிலை 13-க்கு இறக்க 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அன்றாட வேலை போக மெஷினில் மிஞ்சுவது 130 வாட்தான். காலி அறையை முதலில் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள், பிறகு நாளுக்கு நாலைந்து பெட்டியாக அடுக்குங்கள்.

ஈரப்பதம் 80-ஐத் தாண்டி நிற்கிறது. டீஹ்யூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் மெஷின்) வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அது வெப்பத்தை அறைக்குள்ளேயே விடும். குளிர்மெஷின் அதையும் சுமக்க வேண்டும். முதலில் காற்று எங்கே நுழைகிறது என்று தேடுங்கள். நம் அறையின் காற்று முழுதும் ஒருமுறை மாறினால், புதுக்காற்றோடு கால் லிட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறினால் ஒரு நாளில் 3 லிட்டர். டிரெயின் பைப்பின் அடியில் ஒரு வாளி வைத்து ஒருநாள் அளந்தால் அறை எவ்வளவு ஓட்டை என்று தெரிந்துவிடும். மழைக்காலத்தில்கூட அரை லிட்டருக்குக் கீழே வந்தால் அறை நன்றாக அடைபட்டிருக்கிறது.

கதவுக்கு எளிய சோதனை: ஒரு காகிதத் துண்டைக் கேஸ்கெட்டில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே இடைவெளி. கீல் பக்கத்தையும் விடாமல் பாருங்கள்.

ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் அளக்கும் மீட்டர்) காட்டுவதை நம்பலாமா?

சோதிக்காமல் நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பிச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சேறுபோல் இருக்க வேண்டும், கரையக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் போட்டு மூடி, அறை வெப்பத்தில் 12 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

வெப்பநிலைக்கு, தண்ணீர் நிரப்பிய ஒரு பழைய வைன் பாட்டிலில் சென்சரை இறக்கி வையுங்கள். கதவைத் திறந்தால் காற்று 3 டிகிரி ஏறும், பாட்டில் அசையாது. நாம் காப்பாற்றுவது பாட்டிலைத்தானே.

உள்காயிலில் ஐஸ் கட்டுகிறது.

மெஷினை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓட்டி உருகவிடுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் கொண்டு சுரண்ட வேண்டாம். ஒரு கீறலில் காயில் போய்விடும். உருகியபின் இந்த வரிசையில் பாருங்கள்: ஃபில்டர் அடைப்பு, ஃபேன் ஓடுகிறதா, யாராவது 10 டிகிரிக்கு இறக்கி வைத்தார்களா, கதவுக் கசிவு. எல்லாம் சரியாக இருந்தும் காயிலின் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் என்றால் கேஸ் குறைந்திருக்கிறது.

ரேக்கில் பூஞ்சை. ப்ளீச்சிங் பவுடர் போடலாமா?

கூடவே கூடாது. குளோரினும் மரமும் பூஞ்சையும் சேர்ந்தால் டி.சி.ஏ. என்னும் பொருள் உருவாகும். கார்க் கெட்ட வைனில் வரும் ஈர அட்டைப்பெட்டி வாடை அதுதான். ஒருமுறை அறையில் ஏறிவிட்டால் இறக்குவது கடினம். பூஞ்சையைக் காய்ந்த துணியால் துடைத்து, 3% ஹைட்ரஜன் பெராக்ஸைடு தொட்டுத் துடையுங்கள். ஃபினாயில், பாச்சை உருண்டை, ஊதுபத்தி எதுவும் இந்த அறைக்குள் வரக் கூடாது. புது ரேக்குக்கு வார்னிஷ் அடித்திருந்தால் வாடை போகும்வரை வெளியிலேயே நிற்கட்டும்.

கரண்ட் போனால்?

கதவைத் திறக்காதீர்கள். நம் அறையில் பாட்டில்கள் மணிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். அறை நிரம்பியிருந்தால் மெதுவாக, பாதி காலியென்றால் வேகமாக. நாலு மணி நேர மின்வெட்டை வைன் பொறுக்கும். புயலுக்குப் பிறகு இரண்டு நாள் கரண்ட் இல்லாத ஊரில் இருந்தால் ஜெனரேட்டர் லைனில் இந்த மெஷினையும் சேர்த்துவிடுங்கள். ஸ்டெபிலைசரில் 3 நிமிஷத் தாமதம் இருக்க வேண்டும். கரண்ட் வந்த நொடியே கம்ப்ரசர் கிளம்பினால் ஒருநாள் கிளம்பாமலே போகும்.

வருஷம் முழுக்க என்ன பராமரிப்பு?

மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவி, டிரெயினில் ஒரு டம்ளர் வெந்நீர் விடுங்கள். பாசி கட்டினால் தண்ணீர் திரும்பி வந்து கீழ்வரிசை லேபிள்களை நனைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியூனிட் காயிலை மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடென்றால் மாதாமாதம் நல்ல தண்ணீரில் அலசுங்கள், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் வேண்டாம்.

வெளியூனிட்டின் மின்பெட்டியை வருஷம் இருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள், மெயினை அணைத்துவிட்டு. கான்டாக்டருக்குள் (கம்ப்ரசருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) எறும்பு கூடு கட்டும். பல்லி சர்க்யூட் போர்டின்மேல் ஏறிச் செத்து ஷார்ட் ஆக்கும். ஒயர் நுழையும் துளைகளைச் சீலன்ட்டால் அடைத்தால் இரண்டும் வராது.

சட்டச் சிக்கல் உண்டா?

வீட்டில் எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்பதற்கு இந்திய மாநிலங்களில் உச்சவரம்பு உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 300 பாட்டிலுக்கு ரேக் செய்வதற்கு முன் உங்கள் மாநில ஆயத்தீர்வை விதியைப் படியுங்கள்.

மெக்கானிக் வருஷாவருஷம் "கேஸ் அடிக்கணும் சார்" என்கிறார். அடிக்கலாமா?

கேஸ் தேய்ந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாயில் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஓட்டை. "எங்கே லீக்?" என்று திருப்பிக் கேளுங்கள். முதலில் பைப்புகளை இணைக்கும் ஃப்ளேர் நட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கட்டும். நுரை கொப்பளிக்கிற நட்டின் அருகில் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். ஓட்டையை அடைத்து, வேக்யூம் இழுத்து, யூனிட்டின் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்கு எடைபோட்டு விட்டால் அடுத்த வருஷம் அவரைக் கேஸுக்காகக் கூப்பிட வேண்டியிருக்காது.